டெட்ராய்ட்டுக்குப் போன சின்னத் தாத்தாவைத் தேடலாமா?

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சுருக்கத்தைத் தருகிறேன்.

அவருடைய கொள்ளுத்தாத்தா அமெரிக்க மதுரை மிஷனில் உபதேசியாராக, அதாவது சபையில் போதிக்கும் ஊழியராக இருந்தவர். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் வாசகரின் தாத்தா. 1903இல் பிறந்த இளையவர் பசுமலையில் படித்துவிட்டு, 1926 வாக்கில் போட் மெயில் ஏறித் தனுஷ்கோடி வழியாகக் கொழும்பு சென்று, கப்பல் வேலையில் சேர்ந்து அமெரிக்கா போய்விட்டார். டெட்ராய்ட் நகரிலிருந்து கடிதங்களும் அவ்வப்போது பணமும் வந்துகொண்டிருந்தன. 1951க்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. முகவரியோடு இரண்டு கடித உறைகள், ஒரு பெண்ணும் இரு குழந்தைகளும் அவருடன் நிற்கும் புகைப்படம், பிறந்த தேதிகள் எழுதிய குடும்ப வேதாகமம் ஆகியவைதான் இன்று வீட்டில் இருப்பவை. வாசகரின் தந்தைக்கு இப்போது 86 வயது. தன் சித்தப்பாவின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கண்ணை மூடுவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார்.

வாசகரின் தம்பிக்கு இதில் விருப்பமில்லை. 1938இல் உயில் எழுதாமல் இறந்த கொள்ளுத்தாத்தாவின் பெயரிலேயே வீடும் மூன்று ஏக்கர் நிலமும் இருக்கின்றன. அவற்றை வாங்க ஓர் ஆள் வந்திருக்கிறார். "சின்னத் தாத்தா வாரிசு இல்லாமல் இறந்துவிட்டார் என்று சான்றிதழ் வாங்கிவிடலாம், தேடிப்போனால் அமெரிக்காக்காரர்கள் வந்து பங்கு கேட்பார்கள்" என்பது தம்பியின் வாதம். இதற்கிடையே வாசகர் சமூக ஊடகத்தில் அந்தப் புகைப்படத்தைப் போட, ஒருவர் தொலைபேசியில் அழைத்து, சின்னத் தாத்தா பெயரில் வங்கியில் பெருந்தொகை கிடப்பதாகவும், இரண்டு லட்சம் ரூபாய் கட்டினால் மீட்டுத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். துறைமுகத்திலேயே பெயரை மாற்றிவிடுவார்களாமே, பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் உதவுமா? மரபணுப் பரிசோதனை செய்யலாமா? உறவு உறுதியானால் மகளுக்கு அமெரிக்கா செல்ல வழி பிறக்குமா? வீட்டுக்கு ஆபத்து வருமா? இவையே அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடுங்கள். தேடல் ஒரு முடிவுக்கு வரும்வரை, வாரிசுச் சான்றிதழுக்கான மனுவிலோ கிரைய ஒப்பந்தத்திலோ நீங்களோ தந்தையோ தம்பியோ கையெழுத்திட வேண்டாம். உங்கள் கடிதத்தில் தந்தையின் ஆசையும் தம்பியின் அச்சமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆளைத் தேடுவது ஒரு வேலை, சொத்தைப் பிரிப்பது இன்னொரு வேலை. ஒன்றை மறைத்துக்கொண்டு மற்றொன்றைச் செய்தால் இரண்டுமே கெட்டுப்போகும். உங்களிடம் இருக்கும் மூன்று பொருள்களும் இத்தகைய தேடலில் பலருக்குக் கிடைக்காதவை; ஆகவே நம்பிக்கையோடு தொடங்கலாம்.

தேடல் தொடங்க வேண்டிய இடம்

அது டெட்ராய்ட் அல்ல, உங்கள் வீட்டுத் திண்ணை. அமெரிக்கப் பதிவேட்டில் ஒரு பெயர் கண்ணில் பட்டால், அவர் நம்மவர்தானா என்று உறுதிசெய்யப் பிறந்த தேதி, தாய் தந்தை இருவரின் முழுப்பெயர், பிறந்த ஊர் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். வேதாகமத்தில் எழுதிய தேதி நல்ல சான்றுதான். ஆனால் அத்தகைய பக்கங்கள் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டவையாகவும் இருக்கக்கூடும் என்பதால், அதை ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மிஷன் சபைகள் அதற்குள் வந்தன. இன்று அவை மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தைச் சேர்ந்தவை. பழைய பதிவேடு சபையிலேயே இருக்கிறதா, திருமண்டல அலுவலகத்துக்குப் போய்விட்டதா என்று போதகரிடம் கேட்டு, எழுத்து மூலம் விண்ணப்பித்துச் சான்று நகல் பெறுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் படமெடுக்காமல் பக்கம் முழுவதையும் படமெடுங்கள். அண்ணன் தம்பிகளும் பங்காளி வீட்டாரும் அதே பக்கத்தில் இருப்பது உண்டு.

கொள்ளுத்தாத்தா உபதேசியாராக இருந்தது உங்களுக்கு இன்னொரு வாசலைத் திறக்கிறது. 1834இல் மதுரையில் பணியைத் தொடங்கிய அந்த மிஷனின் தாய் அமைப்பு பாஸ்டன் நகரில் இருந்தது. அதன் கடிதங்களும் அறிக்கைகளும் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹவ்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஊழியரின் மகன் அமெரிக்கா போனதைப் பற்றி ஒரு மிஷனரி தன் கடிதத்தில் குறிப்பிட்டிருக்க வாய்ப்பு உண்டு. இங்கே அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். எனினும் இதற்குப் பொறுமை வேண்டும். முதல் வேலையாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வேலை உங்கள் தந்தையோடு உட்கார்ந்து பேசுவதுதான். கடைசிக் கடிதம் வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். சித்தப்பாவை வீட்டில் எந்தச் செல்லப் பெயரால் அழைத்தார்கள், கடிதம் தமிழில் வந்ததா ஆங்கிலத்தில் வந்ததா, எந்தத் தொழிற்சாலையைப் பற்றி எழுதினார், அந்தப் பெண்ணின் பெயரை யாராவது உச்சரித்து அவர் கேட்டிருக்கிறாரா என்றெல்லாம் கேட்டு, அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் குறுக்கிட வேண்டாம், இரண்டாம் முறை சொல்லும்போது புதிதாக ஒரு பெயர் வந்து விழக்கூடும். உறைகளிலிருந்து தபால்தலையை உரிக்காதீர்கள். அதன்மேல் விழுந்திருக்கும் முத்திரையின் தேதி தேவைப்படும். புகைப்பட அட்டையின் பின்புறத்திலும் ஓரத்திலும் நிழற்பட நிலையத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அவர் போன காலத்துச் சட்டம்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தப் பதிவேட்டில் தேடுவது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 1917ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் இந்தியாவையும் உள்ளடக்கிய ஆசியப் பரப்பைத் தடைசெய்யப்பட்ட வட்டாரமாக அறிவித்து, அங்கிருந்து வேலை தேடி வருவோருக்குக் கதவை அடைத்தது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் சட்டம் குறிப்பிடும் வெள்ளையர்கள் ஆகமாட்டார்கள், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர்கள் குடியேறவும் முடியாது என்று சட்டம் வந்தது. மாணவர்கள், போதகர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆகவே 1926இல் கப்பல் வேலைக்குப் போன ஒருவர், துறைமுகத்தில் கரையிறங்க அனுமதி பெற்று, திரும்பக் கப்பல் ஏறாமல் தங்கிவிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்நாள்களில் வங்காளத்துக் கப்பல் தொழிலாளர்கள் பலர் அப்படித்தான் நியூயார்க்கிலும் டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளிலும் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள்.

"திருட்டுத்தனமாகத் தங்கியிருப்பாரோ" என்று உங்கள் தந்தை வருந்துவதாக எழுதியிருக்கிறீர்கள். நிறத்தையும் பிறந்த நாட்டையும் பார்த்துக் கதவைச் சாத்திய ஒரு சட்டத்தைத் தாண்டிப் போய், தொழிற்சாலையில் உழைத்து, அந்த நிலையிலும் ஊருக்குப் பணம் அனுப்பியவர் அவர். இதில் குடும்பம் தலைகுனிய ஒன்றுமில்லை. நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தச் செயலால் அவருடைய பிள்ளைகளுக்கோ பேரர்களுக்கோ இன்று சட்டச் சிக்கலும் வராது. தந்தையிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

1946 ஜூலை 2 அன்று கையெழுத்தான சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் வாய்ப்பைத் திறந்து, ஆண்டுக்கு 100 பேர் குடியேறவும் இடம் கொடுத்தது. அதன் பிறகு உங்கள் சின்னத் தாத்தா குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கலாம். விண்ணப்பித்திருந்தால் அந்த மனுவில் மனைவி, பிள்ளைகள் பெயர்கள் இருக்கும்.

எந்தப் பதிவேட்டில் தேடுவது

நீங்கள் நினைப்பதுபோல அமெரிக்கா முழுமைக்குமான ஒரே பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் கிடையாது. அவை மாநிலத்துக்கு மாநிலம், மாவட்டத்துக்கு மாவட்டம் பிரிந்து கிடக்கின்றன. துணைத் தூதரகமும் உறவினர்களைத் தேடித் தருவதில்லை. ஆனால் கூட்டாட்சி அரசின் பழைய ஆவணங்கள் பெருமளவில் இணையத்தில் வந்துவிட்டன; பதிவு செய்துகொண்டால் கட்டணமின்றித் தேட 'பேமிலி சர்ச்' தளம் போதும். நான் இந்த வரிசையில் தேடச் சொல்வேன்.

முதலாவது, போர்க்காலப் படைப் பதிவு அட்டை, அதாவது இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர்ப்பதற்காக ஆண்களைப் பதிவு செய்த அட்டை. 1942 பிப்ரவரி 16 அன்று, 44 வயது வரை உள்ள ஆண்களில் அதுவரை பதியாதவர்கள், குடிமக்கள் அல்லாதவர்கள் உட்பட, பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1903இல் பிறந்தவர் இதற்குள் வருகிறார். பிறந்த தேதி, பிறந்த ஊர், வேலை கொடுத்தவர் ஆகியவற்றோடு, "உங்கள் முகவரியை எப்போதும் அறிந்திருக்கும் ஒருவர்" யார் என்றும் அந்த அட்டை கேட்டது. மணமானவர்கள் பெரும்பாலும் அங்கே மனைவியின் பெயரையே எழுதினார்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத அந்தப் பெயர் கிடைக்கக்கூடிய இடம் இதுதான்.

இரண்டாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 72 ஆண்டுகள் கழித்தே தனிநபர் விவரங்களை வெளியிடுவார்கள். 1930, 1940 ஆண்டுகளின் ஏடுகள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன; 1950ஆம் ஆண்டு ஏடு 2022 ஏப்ரலில் வெளிவந்தது. 1960க்குரியது 2032இல்தான் கிடைக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் இந்தியாவிலிருந்து வந்த எல்லோரையும், மதம் எதுவாயினும், இனம் என்ற கட்டத்தில் 'இந்து' என்றே குறித்தார்கள். உபதேசியார் மகன் பெயருக்கு எதிரே அப்படிக் கண்டால், இவர் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மூன்றாவது, 1940இல் அயல்நாட்டினர் அனைவரும் செய்துகொள்ள வேண்டியிருந்த பதிவு. அப்போது குடியுரிமைக்கு வழியே இல்லாததால் உங்கள் சின்னத் தாத்தா அதில் பதிந்திருக்க வேண்டும். எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தில், எந்த நாளில் வந்தார், வேறு என்னென்ன பெயர்களில் அறியப்பட்டார் என்பவற்றை அந்தப் படிவம் கேட்டது. அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுத் துறையின் வம்சாவளிப் பிரிவுக்கு இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் உண்டு, காத்திருக்கவும் வேண்டும். குடியுரிமைக் கோப்பையும் அங்கேயே கேட்கலாம். பிறந்து 100 ஆண்டுகளுக்கு மேலானவருக்கு இறப்புச் சான்று கேட்பதில்லை.

இவற்றோடு சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான விண்ணப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1936 முதல் வழங்கப்பட்ட இந்த எண்ணுக்கு விண்ணப்பிப்பவர் தந்தை பெயரையும் தாயின் பெயரையும் தம் கைப்பட எழுத வேண்டும். கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பெயர்கள் அதில் இருந்தால் அதைவிட உறுதியான அடையாளம் வேறில்லை.

டெட்ராய்ட் நகரத்தின் பழைய முகவரிக் கையேடுகளும் பயன்படும். அந்நகரப் பொது நூலகத்தின் பர்ட்டன் வரலாற்றுத் தொகுப்பு வம்சாவளித் தேடலுக்குப் பெயர் பெற்றது. உறையிலுள்ள இரண்டு முகவரிகளையும் குறிப்பிட்டு அங்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். 1951க்குப் பிந்தைய காலத்துக்கு இறப்புச் சான்று, கல்லறைப் பதிவு, செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பு ஆகியவையே வழிகாட்டும். அமெரிக்க இரங்கல் குறிப்புகளில் உயிரோடிருக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்களையும் அவர்கள் வாழும் ஊர்களையும் எழுதுவது வழக்கம். மணமான மகளின் புதிய குடும்பப்பெயர் பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.

பெயர் மாறியது எங்கே

துறைமுக அதிகாரிகள் வந்தவர்களின் பெயரை மாற்றி எழுதினார்கள் என்பது அமெரிக்காவிலேயே பரவலாக நம்பப்படும் கதை, உண்மையல்ல. அதிகாரிகள், கப்பல் நிறுவனம் முன்பே எழுதிக் கொண்டுவந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பின்னாளில், வேலையிடத்திலோ திருமணத்தின்போதோ குடியுரிமை பெறும்போதோ, தாங்களே மாற்றிக்கொண்டவர்கள்.

நம் பெயர்களுக்கு உரிய சிக்கல் வேறு. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான். அமெரிக்க எழுத்தர் அந்த முதலெழுத்தை விரித்துக் கேட்டிருந்தால் கொள்ளுத்தாத்தாவின் பெயர் குடும்பப்பெயராகியிருக்கும். கேட்காவிட்டால் சின்னத் தாத்தாவின் சொந்தப் பெயரே கடைசிப் பெயராகியிருக்கும். அவர் பெயர் 'ஞான' என்று தொடங்குவதால், அதை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எல்லா வகைகளையும், கேட்டவர் காதில் விழுந்தபடி 'நான', 'யான' என்பவற்றையும் எழுதிப் பட்டியலிடுங்கள். பெயரைப் போட்டுக் கிடைக்காதபோது பெயரையே விட்டுவிட்டு, பிறந்த ஆண்டு, பிறந்த நாடு, வசித்த மாவட்டம் ஆகியவற்றை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். டெட்ராய்ட் இருப்பது வேய்ன் மாவட்டம். அக்காலத்தில் அங்கே இந்தியாவில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் பட்டியலை ஒரு மாலைக்குள் படித்துவிடலாம். பயணிகள் பட்டியலில் இல்லையென்றும் சோர்ந்துவிட வேண்டாம், கப்பல் ஊழியர் பட்டியல் தனியாக இருக்கிறது. கனடாவிலிருந்து டெட்ராய்ட் எல்லையைக் கடந்தவர்களுக்கும் தனிப் பதிவுகள் உண்டு.

புகைப்படத்தில் இருக்கும் பெண்

அந்தப் பெண் கறுப்பினத்தவர் போலத் தோன்றுவதாகவும், அதனால் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் படத்தை நெடுங்காலம் பெட்டிக்குள் வைத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதை நீங்கள் மறைக்காமல் எழுதியது நல்லது. அன்று பல அமெரிக்க மாநிலங்களில் இனம் கடந்த திருமணத்தைத் தடுக்கும் சட்டங்கள் இருந்தன. நகரங்களில் இந்தியர்களுக்கு வீடு கொடுத்து அருகில் வாழவைத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்கரும்தான். ஆகவே கப்பலிலிருந்து இறங்கிய இந்தியர்கள் பலர் அந்தக் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். உங்கள் சித்தப்பாக்களும் அத்தைகளும் இன்று தங்களைக் கறுப்பின அமெரிக்கர்களாகவே கருதி வாழக்கூடும். கணக்கெடுப்பு ஏட்டில் மனைவிக்கு ஓர் இனமும் கணவருக்கு வேறோர் இனமும் எழுதியிருப்பதைக் கண்டால் பிழை என்று எண்ண வேண்டாம். தேடலைத் தொடங்குமுன் ஒன்றை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்: அவர்கள் யாராக இருந்தாலும், எந்த நிறமாக இருந்தாலும், தந்தையின் சித்தப்பா பிள்ளைகள் என்று வரவேற்க மனம் இருக்கிறதா? இல்லையென்றால் அவர்கள் கதவைத் தட்டாமலிருப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

மரபணுப் பரிசோதனை ஆவணத் தேடலுக்குத் துணை செய்யும், அதன் இடத்தைப் பிடிக்காது. சின்னத் தாத்தாவின் பேரப்பிள்ளைகள் உங்களுக்கு இரண்டாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவு. அந்த உறவில் சராசரியாக 3 விழுக்காடு அளவுக்கு மரபணு ஒத்துப்போகும்; பரிசோதனையில் தெளிவாகத் தெரியும். உங்களைவிட உங்கள் தந்தையின் மாதிரி மதிப்புமிக்கது, அவர் ஒரு தலைமுறை நெருங்கியவர். ஆனால் அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் முடித்த நம் குடும்பங்களில், தூரத்துச் சொந்தமும் நெருங்கிய சொந்தமாகக் காட்டப்படும் என்பதால் எண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது. அங்கே அவர்களில் ஒருவராவது அதே நிறுவனத்தில் பரிசோதித்திருந்தால்தான் பொருத்தம் தெரியும். மரபணுத் தகவலைக் கொடுத்தபின் முழுமையாகத் திரும்பப் பெறுவதும் எளிதல்ல. இத்துறையின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான '23 அண்ட் மீ' 2025 மார்ச்சில் திவால் மனு செய்தபோது, வாடிக்கையாளர் தகவல்கள் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்தது. ஆகவே ஆவணங்களை முதலில் பாருங்கள். தந்தையின் முழுச் சம்மதத்தோடு பிறகு இதைச் செய்யலாம்.

இரண்டு லட்சம் கேட்டவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களையும் அனுப்பாதீர்கள். உரிமை கோரப்படாத பணத்தை அமெரிக்காவில் அந்தந்த மாநில அரசே வைத்திருக்கும், அரசின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குப் புகார் சொல்லுங்கள். மகளின் பயணத்தைப் பற்றிய கேள்விக்கும் சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். அமெரிக்கக் குடிமக்கள் தம் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோருக்கு மட்டுமே குடியேற மனுச் செய்ய முடியும். இந்தத் தூரத்து உறவில் அது நடக்காது. அந்த எதிர்பார்ப்போடு அவர்களை அணுகவும் வேண்டாம்.

வீடும் நிலமும்

உங்கள் தம்பியின் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அவர் சொல்லும் தீர்வு ஆபத்தானது. நீங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். கொள்ளுப்பாட்டி முன்பே இறந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே 1938இல் கொள்ளுத்தாத்தா இறந்த நாளிலேயே இரு மகன்களுக்கும் சரிபாதி உரிமை வந்துவிட்டது. ஊரைவிட்டுப் போனதாலோ, கடிதம் நின்றதாலோ, வேறு நாட்டுக் குடிமகன் ஆனதாலோ சின்னத் தாத்தாவின் பாதி அழிந்துபோகாது. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்தியாவிலுள்ள அசையாச் சொத்தைப் பொறுத்தவரை இந்தியச் சட்டப்படியே அது அவருடைய மனைவி மக்களுக்குப் போகும்.

"இத்தனை காலம் வரி கட்டி அனுபவித்தது நாங்கள்தானே" என்பது தம்பியின் அடுத்த வாதமாக இருக்கும். கூட்டு உரிமையாளர்களில் ஒருவரின் அனுபவம் மற்றவர் சார்பிலான அனுபவமாகவே கருதப்படும். மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது அவருக்கும் தெரியும்படி நடந்துகொண்டதாக நிரூபித்தாலன்றி எதிரிடை அனுபவம், அதாவது நீண்டகாலம் அனுபவித்ததாலேயே சொத்து எங்களுடையது என்ற வாதம், எளிதில் எடுபடாது. பட்டாவும் வரி ரசீதும் உரிமையை இறுதியாகத் தீர்மானிக்கும் ஆவணங்கள் அல்ல.

ஏழு ஆண்டுகளாகத் தகவல் இல்லாதவரை இறந்தவராக அனுமானிக்கும் விதி சாட்சியச் சட்டத்தில் பழங்காலம் முதல் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் அது தொடர்கிறது. ஆனால் அந்த விதி இறப்பை மட்டுமே அனுமானிக்கும், வாரிசு இல்லை என்று அனுமானிக்காது. உங்கள் வீட்டிலேயே இரண்டு குழந்தைகள் நிற்கும் புகைப்படம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, வட்டாட்சியர் முன் வாரிசு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அது தெரிந்தே சொன்ன பொய்யாகும். குற்ற வழக்கு வரையில் போகலாம். அந்தச் சான்றிதழை நம்பி வாங்கியவர் பின்னாளில் சிக்கலில் மாட்டினால் உங்கள்மீதுதான் திரும்புவார். மேலும் இவ்வளவு தொலைவு உறவுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகச் சொல்வதே வழக்கம்.

நேரான வழிகள் உண்டு. வாரிசுகள் கிடைத்து, தங்கள் பங்கு வேண்டாம் என்றால், விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். அதற்காக இங்கே ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்தே அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்தாகி அப்போஸ்டில் சான்று (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகளும் ஏற்கும் அரசுச் சான்று) பெற்றிருக்க வேண்டும், அல்லது இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பங்கு வேண்டும் என்றால் சேர்ந்து விற்றுப் பாதித் தொகையைக் கொடுப்பதே முறை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்ட விதிகள் இருப்பதால் அப்போது ஒரு பட்டயக் கணக்காளரையும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்குத் தொடர்ந்து, செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட நீதிமன்ற அனுமதி பெற்று, உங்கள் பாதியைத் தனியாகப் பிரித்துக்கொள்ளலாம். அந்த வழக்கில் நீங்கள் எழுதிய கடிதங்களும் பெற்ற பதில்களும் உங்கள் நேர்மைக்குச் சான்றாகும்; ஒவ்வொன்றையும் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். தம்பிக்கு இது தாமதமாகத் தோன்றலாம். வாங்க வந்தவரிடம் உண்மையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். சொன்னதும் அவர் விலகிவிட்டால், அவர் உரிமைச் சிக்கலைத் தெரிந்துகொண்டு விலகியதாகக் கொள்ளுங்கள்.

அவர்களுக்கு எழுதும் முதல் கடிதம்

ஆள் கிடைத்துவிட்டால் தொலைபேசியில் அழைக்காதீர்கள். எங்கோ ஒரு நாட்டிலிருந்து முன்பின் தெரியாதவர் பேசினால் மோசடி என்றே எண்ணுவார்கள். தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நீங்கள் யார், எந்த ஆவணத்தின் வழியாக அவர்களைக் கண்டீர்கள், உங்கள் தந்தை யார் என்று ஒரே பக்கத்தில் எழுதி, புகைப்படத்தின் நகலையும் ஓர் உறையின் நகலையும் வையுங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம். பணம் கேட்கவோ உதவி கேட்கவோ எழுதவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பதில் எழுதுவதும் எழுதாமல் இருப்பதும் அவர்கள் விருப்பம் என்பதையும் எழுதுங்கள். அவர் தம் ஊரைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமலே இருந்திருக்கலாம். பதில் வராவிட்டால் சில மாதம் கழித்து இன்னொரு முறை எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

முதல் கடிதத்தில் சொத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆனால் அவர்களிடம் எந்தக் கையெழுத்தையும் கேட்பதற்கு முன்பு, வீடும் நிலமும் இருப்பதையும், அதில் அவர்களுக்குப் பாதி உரிமை இருப்பதையும், இன்றைய சந்தை மதிப்பையும் முழுமையாகத் தெரிவித்துவிட வேண்டும். அங்கேயே ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும்படியும் நீங்களே எழுதுங்கள். மதிப்பை மறைத்து வாங்கிய விடுதலைப் பத்திரத்தை ஏமாற்று என்று சொல்லிப் பின்னாளில் ரத்து செய்யக் கோரலாம். எல்லாம் தெரிந்து அவர்கள் மனமுவந்து எழுதிக் கொடுத்தது நிற்கும்.

தந்தையின் பேச்சைப் பதிவு செய்வதை இந்த வாரமே தொடங்குங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் கிடைத்ததும், இரண்டு உறைகளின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தெளிவாகப் படமெடுத்து அதனுடன் எனக்கு அனுப்பிவையுங்கள். எந்த முகவரியிலிருந்து தேடத் தொடங்குவது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.